கோட்டுக்கு விட்ட இடம்

கரடியின் கால் மடிப்பை யாரோ ஏற்கெனவே பிரித்துவிட்டிருந்தார்கள்.

மாடி அலமாரியின் மேல்தட்டிலிருந்து அட்டைப்பெட்டியை இறக்கி, அந்துருண்டை நெடியோடு கரடி வேஷத்தை எடுத்து, சமையலறை மேசைமேல் விரித்துப் போட்டபோதுதான் மார்லிஸ் அதைப் பார்த்தாள். வருஷா வருஷம் அக்டோபர் கடைசியில் அவள் செய்கிற வேலை அது. மகள் ரோண்டா எவ்வளவு வளர்ந்திருக்கிறாளோ அந்த அளவுக்கு மடிப்பைப் பிரித்து இறக்குவாள். நவம்பரில் திரும்பப் பெட்டிக்குள் வைக்குமுன் அடுத்த வருஷத்துக்கென்று புதுத்துணி ஒட்டுப்போட்டு, இரண்டு அங்குலத்தை மறுபடி உள்ளே மடித்துத் தைத்துவைப்பாள். போன நவம்பரிலும் அப்படித்தான் மடித்துத் தைத்து, கையால் அழுத்தித் தேய்த்துப் பெட்டிக்குள் வைத்தாள். இப்போது மடிப்பே இல்லை. நூல் ஒவ்வொரு கண்ணாக நறுக்கப்பட்டிருந்தது. பழைய மடிப்பு இருந்த இடத்தில் வெளுக்காத ஒரு கோடு மட்டும் இரண்டு காலிலும் சுற்றி ஓடியது. கைகளிலும் அப்படியே, இடுப்பிலும் அப்படியே.

"ரோண்டா! இந்தப் பெட்டிய எடுத்தியாடி நீ?"

மேசையின் மறுமுனையில் ரோண்டா, பள்ளிக்கூடம் கிளம்புவதற்கு முன், வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தாள். பதினோரு வயது. வயதுக்கு ஒல்லி. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிற பெண்.

"எனக்கு எட்டாதே," என்றாள்.

"அப்ப யாரு பிரிச்சா இத?"

"அவதான் பிரிச்சிருப்பா. இறுக்கமா இருக்குன்னு போன வருஷமே சொன்னாளே."

மார்லிஸ் வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தாள். எவள் என்று கேட்கவில்லை. கேட்பானேன்? அந்த 'அவளை' இந்த வீட்டுக்குள் கூப்பிட்டதே மார்லிஸின் வாய்தான்.

அந்த ஊரில் ஹாலோவீனுக்கு முந்தின நாள் சாயங்காலமே பிள்ளைகள் வேஷம் கட்டி மிட்டாய்க்கு வீடு வீடாகப் போய்விடுவார்கள். பிச்சைக்கார ராத்திரி என்று பேர். பேர்தான் ராத்திரி, தீயணைப்பு நிலையத்துச் சங்கு ஆறு மணிக்கு ஊதினால் தொடக்கம், எட்டு மணிக்கு ஊதினால் எல்லாம் முடிந்தது. சும்மா பையை நீட்டினால் ஒன்றும் விழாது, ஜோக் சொல்ல வேண்டும். பிள்ளை கேள்வியைப் போடும். வாசலில் நிற்கிற பெரியவர் "தெரியலையே, ஏன்?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். பிள்ளை பதில் சொல்லும், பெரியவர் சிரிப்பார், மிட்டாய் விழும். நூறு தடவை கேட்டுப் புளித்துப்போன ஜோக்காக இருந்தாலும் தெரியலையே என்றுதான் சொல்ல வேண்டும். அப்படிக் கேட்காத ஆளை அந்தத் தெருவில் ஒருத்தரும் மதிக்க மாட்டார்கள்.

நாலு வயதில் ரோண்டாவுக்கு ஜோக் சொல்ல வாய் வரவில்லை. பூசணிக்காயைக் குடைந்து விளக்கேற்றிவைத்திருந்த எதிர்வீட்டு ஓபல் நோவக் வாசலில், பின்னால் பத்துப் பிள்ளைகள் நிற்க, "பூசணிக்கா ஏன்..." என்று தொடங்கி அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் இருந்ததுகள் கெக்கெக்கென்று சிரித்தன. காலிப் பையோடு வீட்டுக்கு ஓடிவந்து கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்ட பிள்ளையை வெளியே இழுக்க மார்லிஸுக்கு ஒரு மணி நேரம் ஆனது. அன்றைக்கு அவளுக்கு மனசு வெந்துபோய்விட்டது.

அடுத்த வருஷம் கரடியைத் தைத்தாள். பழைய பழுப்புக் கம்பளிப் போர்வையை வெட்டி, தலையோடு சேர்த்து மூடுகிற மாதிரி, கண்ணுக்கும் வாய்க்கும் மட்டும் துளை விட்டு. அந்த ஊர்த் தாய்மார் எல்லோரும் வெட்டுகிற மாதிரியே குளிர்கோட்டுக்கு மேலே போடுகிற அளவில் வெட்டினாள். வேஷத்துக்கு மேலே கோட்டைப் போட்டால் வேஷம் தெரியாது. கோட்டே இல்லாமல் அனுப்பினால் அந்தக் குளிரில் பிள்ளை படுத்துவிடும். அதனால் கோட்டுக்கு இடம் விட்டு வெட்டுவதுதான் அங்கே வழக்கம். ஸ்டூல்மேல் நின்ற ரோண்டா, தொளதொளவென்று தொங்கியதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"ரொம்பப் பெருசும்மா."

"பெருசாத்தான் இருக்கணும். உள்ள இன்னொருத்தி இருக்கால்ல, அவளுக்கும் எடம் வேணாமா?" என்றாள் மார்லிஸ், வாயில் குண்டூசியோடு. "உனக்கு ஜோக்கு மறந்துபோச்சுன்னா அவ சொல்லிக்குடுப்பா. நீ வாயத் தெறந்தாப் போதும்."

அழுகிற பிள்ளையைத் தேற்ற எந்தத் தாயும் சொல்கிற பேச்சுதான். அன்றைக்கு அது நன்றாகத்தான் வேலை செய்தது. ரோண்டா வாசல் வாசலாகப் போய் ஜோக் சொன்னாள். ஒரு வீட்டில் சொன்னதை மறு வீட்டில் சொல்லவில்லை. "பூசணிக்கா ஏன் பள்ளிக்கூடம் போகல? மண்டையில இருந்ததெல்லாம் நேத்தே வழிச்சு எடுத்துட்டாங்க!" ஓபலின் புருஷன் வால்ட் நோவக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தெரு முனையில் நின்று பார்த்த மார்லிஸுக்கு ஆனந்தத்தில் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு ஜோக்கை இவள் எங்கே படித்தாள் என்று அப்போது அவளுக்குத் தோன்றவே இல்லை.

ரோண்டாவுக்கு எட்டு வயதான வருஷம், ஓபல் வாசலில் கரடி கேட்டது: "மிஸ்டர் நோவக் ஏன் இனிமே ஒத்தச் செருப்புதான் வாங்குவாரு?" தெரியலையே, ஏன் என்றார் வால்ட். "இன்னொண்ணு போடக் காலில்ல!" எல்லோரும் சிரித்தார்கள். பிப்ரவரியில் சர்க்கரை வியாதிக்கு அவர் இடது காலை முழங்காலோடு எடுத்தார்கள். ஒன்பது வயதில், அடுத்த தெருவில் சிநேகிதி லானா வீட்டு வாசலில்: "உங்க நாய் ஏன் இந்தக் குளிருக்குப் போர்வை கேக்கல? பனியே போத்திவிடும்!" நாய் ஜனவரியில் காணாமல் போனது. மார்ச்சில் பனி உருகியபோது வேலியோரம் கிடந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஊரில் யாருக்கும் தோன்றவில்லை. மார்லிஸ் ஒருத்திக்குத்தான் தோன்றியது, அவளும் அதை வெளியே சொல்லவில்லை.

போன வருஷம், எல்லா வீட்டையும் முடித்துவிட்டுக் கரடி கடைசியாகத் தன் வீட்டு மணியையே அடித்தது. அதுவும் வழக்கம்தான்; சொந்த அம்மாவிடமும் ஒரு ஜோக் சொல்லிவிட்டுத்தான் பிள்ளைகள் உள்ளே வருவார்கள்.

"கோட்டுக்குள்ள ரோண்டா இருந்தா, கரடிக்குள்ள யாரு?"

"தெரியலையே," என்றாள் மார்லிஸ், கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு. "யாரு?"

கரடியின் வாய்த் துளையில் மூச்சு மட்டும் வெள்ளையாக வந்தது. "அடுத்த வருஷம் சொல்றேன்," என்றது.

அந்த அடுத்த வருஷத்துக்கு இப்போது இரண்டே நாள் இருந்தது.

கணவன் வெர்லினுக்கு டயர் ஆலையில் மதியம் ஷிஃப்ட். மூன்று மணிக்குப் போனால் பன்னிரண்டுக்குத்தான் வருவான். அவன் சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தபோது மார்லிஸ் விஷயத்தைச் சொன்னாள். அவன் கரடியின் காலைத் தூக்கிப் பார்த்தான்.

"எலி கடிச்சிருக்கும்."

"எலி நேர்கோட்டுல கடிக்குமா வெர்லின்?"

"அப்ப நீயே பிரிச்சிட்டு மறந்திருப்ப. சூட்டுக்கேஸுக்குள்ள வீட்டுச் சாவிய வச்சிப் பூட்டுன ஆளுதானே நீ?" தொப்பியைப் போட்டுக்கொண்டான். "பிள்ளைக்கு இதுதான் கடைசி வருஷம். அடுத்த வருஷம் பெரிய பள்ளிக்கூடம், இதெல்லாம் போட வெக்கப்படுவா. ஆசைப்பட்டதப் போட்டுட்டுப் போகட்டும், விடு."

அவன் வண்டி தெரு முனை திரும்புகிற வரை மார்லிஸ் ஜன்னலில் நின்றாள். பிறகு கத்தரியை எடுத்தாள். தன் பெண்ணை இந்த ஒரு சாயங்காலம் தாண்டவைத்துவிட்டால் போதும், அதற்கப்புறம் வேஷமும் கிடையாது ஜோக்கும் கிடையாது என்று அவளுக்குத் தோன்றியது. முதலில் தலையைப் பிரித்தாள், பிறகு கைகள், பிறகு முதுகு. முதுகின் உள்பக்கத் துணியைத் திருப்பிப் போட்டபோது அவள் கை நின்றது. ரோண்டாவின் தோள்பட்டை உரசி உரசி இரண்டு இடம் வழவழவென்று தேய்ந்திருந்தது. அது சரிதான், ஆறு வருஷம் போட்டது. அதற்கு ஒரு சாண் மேலே, அகலமாக, இன்னும் இரண்டு இடம் தேய்ந்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனாள். ரோண்டாவின் தலை வாசனை அவளுக்குத் தெரியும். இது ஈரமான மண் தொட்டியின் வாசனை.

பின்கட்டில் குப்பை எரிக்கிற தகரப் பீப்பாயில் ஒவ்வொரு துண்டாகப் போட்டு, கடைசி நூல் கருகிப்போகிற வரைக்கும் நின்று பார்த்தாள். கம்பளி எரிகிற நாற்றம் பக்கத்து வீட்டுக் கொடி வரை போனது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த ரோண்டா புத்தகப் பையோடு பீப்பாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவகிட்டச் சொன்னியாம்மா?"

"அவளும் இல்ல, இவளும் இல்ல," என்றாள் மார்லிஸ். குரல் உயர்ந்துவிட்டது. "அது சும்மா நான் சொன்னதுடி! நீ சின்னப் பிள்ள, அழுதுக்கிட்டிருந்த, அதுக்காகச் சொன்னது. உள்ள யாரும் இல்ல. யாரும் எப்பவும் இல்ல."

ரோண்டா சாம்பலைப் பார்த்தாள். "நீதானே எடம் விட்ட," என்றாள்.

அன்றைக்கே புது வேஷத்தைத் தொடங்கினாள். பழைய கறுப்புத் திரைச்சீலையில் சூனியக்காரி உடுப்பு. அட்டையில் கூம்புத் தொப்பி. முகத்துக்குக் கறுப்பு வலைத்துணி. கரடியோடு இதற்கு ஒரு நூல் இழை சம்பந்தம் இருக்கக்கூடாது என்று ஊசியைக்கூடப் புதிதாக வாங்கிவந்தாள். யோசித்து வெட்டுவதற்கு நேரம் இல்லை, கை பழகிய வேகத்தில் போனது. ரோண்டாவை ஸ்டூலில் ஏற்றி, நீலக் குளிர்கோட்டை மாட்டி, பொத்தான்களைக் கழுத்து வரை போட்டு, அதன் மேலே துணியைச் சுற்றிக் குண்டூசி குத்தினாள். தைத்து முடித்தபின் கோட்டில்லாமல் போட்டுப் பார்த்த ரோண்டா, தொங்குகிற துணியை இரண்டு கையாலும் இழுத்து விரித்து, இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

"எடம் விட்டிருக்கம்மா."

"கோட்டுக்கு வேணும்ல? இல்லன்னா குளிர்ல வெறைச்சுப்போவ," என்றாள் மார்லிஸ். மகள் சிரித்ததில் அவளுக்கு உயிரே வந்தது.

பிச்சைக்கார ராத்திரியன்று மதியத்திலிருந்தே பனிமூட்டம். ஐந்தரை மணிக்கெல்லாம் தெருவிளக்குகள் கலங்கிய மஞ்சளாக எரிந்தன. எங்கோ சருகு எரிகிற புகையும், பூசணிக்காய்களுக்குள் ஏற்றிவைத்த மெழுகுவத்தி உள்மூடியைக் கருக்குகிற இனிப்பு நெடியும், சோள வயல்களிலிருந்து வந்த ஈரமும் ஒன்றாகக் கலந்து வாசலில் நின்றன. மார்லிஸ் கூடத்தில் முழங்காலிட்டு மகளுக்குக் கோட்டை மாட்டினாள். கையுறைகள் தொலையாமலிருக்க இரண்டையும் ஒரே கம்பளிக் கயிற்றில் கோத்துக் கோட்டுக் கைகளுக்குள்ளாக விட்டிருந்தாள். எல்லாப் பொத்தானையும் தன் கையாலேயே போட்டாள், கழுத்துப் பொத்தான் உட்பட. அதன் மேலே கறுப்பு உடுப்பு. கச்சிதமாக உட்கார்ந்தது.

"லானா கூடவே இரு. கையை விடாத. ஏழரைக்கு வீட்ல இருக்கணும், சங்கு வரைக்கும் காத்திருக்காத. புரியுதா?"

ரோண்டா தலையாட்டினாள். பிறகு, என்ன நினைத்தாளோ, கையுறைக் கையால் அம்மாவின் சுண்டுவிரலைப் பிடித்து ஒருமுறை அழுத்தினாள். சின்ன வயதில் ஸ்டூல்மேல் நிற்கும்போது விழுந்துவிடாமலிருக்க அப்படித்தான் பிடித்துக்கொள்வாள். சங்கு ஊதியது. மிட்டாய் வாங்க லானா எடுத்துவந்த தலையணை உறையும் இவள் தலையணை உறையும் ஆடிக்கொண்டே பனிமூட்டத்துக்குள் போவதை மார்லிஸ் படியில் நின்று பார்த்தாள்.

முதல் ஒரு மணி நேரம் வீடு கலகலப்பாக இருந்தது. கடற்கொள்ளைக்காரன், இரண்டு பூனை, அலுமினியத் தாள் சுற்றிய ரோபோ. ஒரு குட்டிப் பேய், தன் வெள்ளைத் துணியையே மிதித்துத் தடுமாறிக்கொண்டு, "பேய் ஏன் சுவத்துக்குள்ள பூந்து வருது?" என்று கேட்டது. "தெரியலையே, ஏன்?" என்றாள் மார்லிஸ். "கதவால வந்தா ஜோக்கு சொல்லச் சொல்றாங்க!" அவள் உண்மையாகவே சிரித்தாள். இரண்டு மிட்டாய் போட்டாள். நாற்பது தடவையாவது தெரியலையே சொல்லியிருப்பாள். கடைசியில் கதவைத் திறக்கும்போதே வாயில் அது தயாராக இருந்தது.

ஏழு மணியைத் தாண்டியிருக்கும். மிட்டாய்ப் பொட்டலம் எடுக்கக் கூடத்துக்கு வந்தவள் நின்றாள்.

கொக்கியில் நீலக் கோட்டு தொங்கியது.

மழைக்கோட்டுக்கும் வெர்லினின் பழைய சட்டைக்கும் நடுவில், எப்போதும் தொங்குகிற இடத்தில். பின்வாசல் வழியாக வந்து கழற்றிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தாள். கோபம் வந்தது. சளி பிடித்தால் யார் பார்ப்பது? கோபத்தோடே பின்கதவுக்குப் போனாள். தாழ்ப்பாள் உள்ளிருந்து போட்டபடி இருந்தது. திரும்பி வந்து கோட்டைப் பார்த்தாள். பொத்தான்கள் எல்லாம் போட்டிருந்தன. கழுத்துப் பொத்தான் உட்பட. ரோண்டா ஒரு நாளும் பொத்தான் போட்டுக் கோட்டைக் கொக்கியில் மாட்டியதில்லை. தலைவழியாகக் கழற்ற அது பனியனும் இல்லை.

தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. இப்போதுதான் கழற்றியிருப்பாள். இப்போதுதான்.

வாசல் மணி அடித்தது. பாய்ந்து திறந்தாள். லானா, தனியாக, பாதி கடித்த மிட்டாயோடு நின்றாள்.

"ரோண்டா எங்க?"

"முன்னாலயே போயிட்டா ஆன்ட்டி. ஓட்டமா ஓடுறா, என்னால முடியல." லானா மூச்சு வாங்கினாள். "இந்த வருஷமும் ஜோக்கு பயங்கரம். கரடி இல்லன்னாலும் அதே மாதிரி சொல்றா. ஆனா ஆன்ட்டி, எல்லா வீட்லயும் ஒரே ஜோக்கு. பதிலையும் சொல்லமாட்டேங்கறா. அத எங்கம்மாகிட்டதான் சொல்லுவேங்கறா."

"கோட்டக் கழட்டுனாளா? உன் முன்னால கழட்டுனாளா?"

லானா புரியாமல் பார்த்தாள். "கழட்டலயே. உள்ள கோட்டுதானே இருக்கு? அவ்ளோ குண்டாத் தெரியறாளே."

மார்லிஸ் படியில் இறங்கினாள். செருப்பில்லாத காலில் புல்லின் ஈரம் ஏறியது. பனிமூட்டத்துக்குள் விளக்குகள் மட்டும், பிள்ளைகளின் குரல்கள் மட்டும். ரோண்டா என்று கூப்பிட்டாள். தெருவின் அந்தக் கோடியில் கூம்புத் தொப்பி ஒன்று ஒரு வாசலிலிருந்து இறங்கி அடுத்த வாசலுக்குப் போனது. கறுப்பு உடுப்பு அதன்மேல் இறுக்கமாக, ஒரு சுருக்கம் இல்லாமல் இருந்தது. கோட்டுக்கு மேலே போட்டால் எப்படி இருக்குமோ அப்படி.

கோட்டு வீட்டில் தொங்குகிறது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கரடியை எரித்தாள். நூலை எரித்தாள். ஊசியைக்கூட மாற்றினாள். இடத்தை மட்டும் மறுபடி தன் கையாலேயே வெட்டித் தைத்து வைத்திருக்கிறாள். அடிப்பாவி, என்ன காரியம் செய்தாய் என்று தன்னையே வைதுகொண்டு, ஈரப் புல்லில் அப்படியே நின்றாள்.

ஓடிப் போய்ப் பிடித்து இழுக்க வேண்டும். ஆனால் அது ரோண்டாவாக இருந்தால் தானே வீட்டுக்கு வரும். ரோண்டாவாக இல்லை என்றால், ரோண்டா எங்கே?

வீட்டுக்குள் ஓடினாள். மாடி அறை, காலி. கட்டிலுக்கு அடியில், காலி. கீழே வந்து மறுபடி கோட்டைத் தொட்டாள். எட்டுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. முக்கால் மணி நேரமாகக் கொக்கியில் தொங்குகிற கோட்டு.

இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

படியில் காலடி கேட்டது. கனமாக. ஒரு காலடிக்குப் பின்னால் இன்னொன்று உடனே, ஒன்றின்மேல் ஒன்று பட்ட மாதிரி. மணி அடித்தது.

திறக்காமல் இருந்துவிடலாம். ஆனால் பிள்ளை வெளியே இருக்கிறாளே! திறந்தாள்.

சூனியக்காரி படியில் நின்றது. வலைத்துணிக்குப் பின்னால் முகம் தெரியவில்லை. தலையணை உறையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருந்தது. மார்பில் தையல்கள் விரிந்து, உள்நூல் வெள்ளையாகத் தெரிந்தது. ஈர மண் வாசனை.

"ரோண்டா," என்றாள் மார்லிஸ். "போதும்டி. உள்ள வா, கண்ணு."

"ஜோக்கு சொல்லிட்டுத்தானே வரணும்?"

ரோண்டாவின் குரல்தான். கொஞ்சம் மூக்கடைத்த அதே குரல்.

"கோட்டுக்குள்ள ரோண்டா இருந்தா, இந்த உடுப்புக்குள்ள யாரு?"

மார்லிஸ் வாயைக் கையால் பொத்தினாள். வார்த்தை நாக்கின் நுனியிலேயே இருந்தது. நாற்பது தடவை சொன்னது, பிறந்ததிலிருந்து சொல்வது. சொல்லமாட்டேன். நான் கேட்டால்தானே அது பதில் சொல்ல முடியும்? எட்டு மணிக்குச் சங்கு ஊதினால் முடிந்தது. ஊதட்டும். அது வரைக்கும் வாயைத் திறக்கமாட்டேன்.

சூனியக்காரி காத்திருந்தது. நல்ல பிள்ளை மாதிரி, பையை விரித்தபடி.

ஒரு நிமிஷம் போனது. இரண்டு போயிருக்கும்.

எதிர்வீட்டு வாசலில் ஓபல் நோவக் பூசணிக்காய் விளக்கை அணைக்கக் குனிந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"மார்லிஸ்! புள்ளைய ஏன் நிக்க வச்சிருக்க? சங்கு ஊதப்போகுது, கேளேன்!"

மார்லிஸ் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று. வாயிலிருந்து கையை எடுக்க முடியவில்லை.

"என்ன ஆச்சு உனக்கு, ஊமையாப் போயிட்டியா?" ஓபல் சிரித்தாள். "எங்க வீட்லயும் பதில் சொல்லாம ஓடிட்டா கழுத. சரி, நானே கேக்கறேன்!" இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, பாசமாகக் கத்தினாள். "தெரியலையே கண்ணு! யாரு?"

சங்கு ஊதியது.

நீளமாக ஊதியது. அந்தச் சத்தத்துக்குள்ளே வலைத்துணி உள்ளும் வெளியுமாக அசைந்தது. பதில் சொல்லிக்கொண்டிருந்தது. நீளமான பதில். மார்லிஸுக்கு ஒரு எழுத்தும் கேட்கவில்லை. ஓபலுக்கும் கேட்டிருக்காது. ஆனால் ஜோக் முடிந்தால் சிரிக்க வேண்டும் என்பதால் ஓபல் சிரித்தாள். சிரித்துக்கொண்டே உள்ளே போய் வாசல் விளக்கை அணைத்தாள்.

தெரு நெடுக விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

அது கிண்ணத்திலிருந்து ஒரே ஒரு மிட்டாயை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டது. மார்லிஸை உரசிக்கொண்டு உள்ளே நடந்தது. மாடிப்படியில் ஏறியது. மூன்றாவது படி கிரீச்சிடும் என்று ரோண்டா எப்போதும் அதைத் தாண்டி மிதிப்பாள். அதுவும் தாண்டி மிதித்தது. மேலே கட்டில் முனகியது. ஒரு ஷூ தரையில் விழுந்தது. இன்னொன்று.

"அம்மா, கதவச் சாத்திட்டு வா. குளிருது."

ரோண்டாவின் குரல்.

மார்லிஸ் அசையவில்லை. அசையவும் முடியாது. கூடத்தின் இருட்டில், மழைக்கோட்டுக்கும் பழைய சட்டைக்கும் நடுவில், கழுத்து வரை பொத்தான் போட்ட நீலக் கோட்டு கொக்கியில் கனமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கைநுனியிலிருந்து கம்பளிக் கயிற்றில் இறங்கியிருந்த கையுறை அவளுடைய சுண்டுவிரலைப் பிடித்திருந்தது. இறுக்கமாக. விழுந்துவிடாமலிருக்கப் பிடிக்கிற மாதிரி.